செம்புக் கம்பிச் சுருளும் தையல் மெஷினும்

எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் பாறை ஏற வேண்டும். ஏற்காட்டுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது. அவர்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, சாயங்காலமே அடிவாரம் இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் மாரமங்கலம் பஸ்ஸில் ஏறி இன்னும் உள்ளே போகிறவர்கள். வீட்டுக்குள் இருக்கும்வரை எங்கள் போன் டார்ச் லைட்டாகவும் கடிகாரமாகவும் மட்டும் வேலை செய்யும். மற்ற வேலைகளுக்குக் காப்பித் தோட்டத்தின் நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறி, சில்வர் ஓக் மரங்கள் முடிகிற இடத்தில் கிடக்கும் பெரிய பாறைக்குப் போக வேண்டும். டவர் பாறை என்று பெயர். அதன் மேல் டவர் எதுவும் கிடையாது. எங்கேயோ இருக்கிற டவர், அங்கே நின்றால் மட்டும் எங்களைக் கண்டுகொள்ளும்.

பாறைக்கென்று சில மரியாதைகள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் நின்று பேச ஓர் இடம் இருக்கிறது. மற்றவர் இடத்தில் போய் நிற்கக் கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். எல்லாம் காதில் விழும், ஆனால் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பூரில் வேலை செய்யும் மகனுக்கு வயிறு சரியில்லை என்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், மறுநாள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இந்தப் பாறையின் மேல்தான் நான் மேப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. அஞ்சல் வழியில் தமிழ் பி.ஏ. முடித்துவிட்டு, அண்ணன் வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேருடைய முகூர்த்த ரவிக்கை என் கையால் தைத்தது. கல்யாணம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது என்ன, சொல்லிவிடுகிறேன். வேண்டும் என்றுதான் இருந்தது. ரொம்பவே வேண்டும் என்று இருந்தது.

வரன் வராமல் இல்லை. வந்தார்கள், ஆனால் வந்து சேரவில்லை. முதலில் புறப்பட்டவர்கள் ஆத்தூர்க்காரர்கள். மேப்பில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு, அது காட்டிய வழியிலேயே வந்திருக்கிறார்கள். அது அவர்களை ஓர் எஸ்டேட்டுக்குள் கூட்டிப்போய், பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு நாய்களிடம் ஒப்படைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் போகும்போது வழியில் தடங்கல் வந்தால், அந்த இடம் நமக்கு வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள். பூனை குறுக்கே போனாலே யோசிக்கிறவர்கள். இங்கே இரும்பு கேட் அல்லவா குறுக்கே நின்றிருக்கிறது! திரும்பிவிட்டார்கள். அடுத்து வந்தவர்கள் ஏரியைத் தாண்டித் தப்பான ரோட்டைப் பிடித்து, மலையின் மறுபக்கம் குப்பனூரிலேயே போய் இறங்கி, அங்கிருந்து அண்ணனுக்குப் போன் செய்தார்கள். அண்ணன் பாறைமேல் நின்று, “செரிங்க, செரிங்க, பரவாயில்லீங்க” என்று சொன்னதை ஊரே கேட்காத மாதிரி கேட்டது.

அன்று கிண்டிய கேசரியை நானும் அண்ணியும் வழித்துத் தின்றோம். அண்ணி ஏதேதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். பிறகு மெஷினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் தனியாக உட்கார்ந்து அழுதேன். மூன்றாவது முறையும் இப்படி ஆகிவிட்டால், அந்தப் பெண்ணுக்கு அமையாது என்ற பேச்சு நிலைத்துவிடும். அப்புறம் ஒருவரும் வண்டி எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது வரனைக் கொண்டுவந்தது எங்கள் கிணற்று மோட்டார். அது புகைந்துபோனதும் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வாழப்பாடிக்குப் போனார். அங்கே ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர், தங்கையைக் கட்டிக்கொடுத்துக் கடனெல்லாம் முடித்து நிமிர்வதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டவர். எரிந்த கம்பியை அவிழ்த்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றி முடிக்கும்வரை அண்ணன் கடையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அண்ணனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மோட்டாரோடு பேச்சையும் முடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“ஞாயித்துக்கெழமை தங்கச்சியக் கூட்டிட்டு வர்றாராம். லொகேஷன் அனுப்பி உடச் சொன்னாரு. உன்ற நம்பரக் குடுத்துட்டு வந்திருக்கறேன்” என்றார் அண்ணன். அவரிடம் இருப்பது பட்டன் போன். வீட்டில் தொடு திரை போன் என்னிடம் மட்டும்தான். அதை நான் ரவிக்கை டிசைன் பார்க்கத்தான் வாங்கியிருந்தேன்.

லொகேஷன் என்றால் என்னவென்று அதுவரை யோசித்ததே இல்லை. அன்று சாயங்காலமே பாறை ஏறி, மேப்பைத் திறந்தேன். முதலில் எல்லாம் சாம்பல் கட்டங்களாக இருந்தன. பிறகு பச்சைப் பரப்பு ஒன்று மெதுவாக விரிந்தது. நடுவில் ஒரு நீலப் புள்ளி. அது நான்தான் என்று புரிந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாலு எட்டு இடது பக்கம் நடந்தேன். புள்ளி கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தது. வலது பக்கம் வந்தேன். அதுவும் வந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஒரு சுற்றுச் சுற்றினேன். பக்கத்து இடத்தில் பேசிக்கொண்டிருந்த ஆட்டுக்காரர் பாறை மரியாதையையே மறந்துவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“ஏனுங்கம்மிணி, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?”

“இல்லீங்க, கண்டுபுடிச்சுட்டேனுங்க” என்றேன்.

மறுநாள் அண்ணியும் கூட வந்தார். நான் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துத் திரையில் வைத்து, வாழப்பாடி எவ்வளவு தூரம் என்று அளந்தேன். அளவெடுக்கத் தெரிந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? இரண்டே கால் இஞ்ச் வந்தது. சரி பார்க்கலாம் என்று இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். வாழப்பாடி திரைக்கு வெளியே ஓடிவிட்டது. அண்ணி பதறிப்போனார்.

“வெரல விரிக்காத கண்ணு! நீ விரிக்க விரிக்க மாப்பிள்ள ஊடு தள்ளிப் போகுது பாரு!”

விரலைக் குவித்தேன். வாழப்பாடி ஓடிவந்து எங்கள் பாறையோடு ஒட்டிக்கொண்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் ஆட்டுக்காரர் தன் மகளிடம், அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் நூல் வாங்க ஏற்காட்டுக்குப் போனோம். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, வழி சொல்கிற குரலை முடுக்கிவிட்டேன். ஏரிப் பக்கம் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. “இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்” என்று ஒரு பெண் குரல் கணீரென்று சொன்னது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரும் திரும்பிப் பார்த்தார், அதுதான் ஆபத்து. கண்டக்டர் கும்பிடாத குறையாக வந்து நின்றார்.

“அக்கா, டிரைவர் அண்ணனுக்கு வழி தெரியுமுங்க. தெனமும் இதேதானுங்க ஓட்டறாரு.”

அண்ணிக்குக் கோபம் வேறு இடத்தில். “யாரு கண்ணு அவ? திரும்பு, நில்லுன்னு மெரட்டறா. ஒரு ‘ங்க’ போட்டா வாயா வலிக்குது?” வீடு போய்ச் சேரும்வரை அந்தக் குரலின் வளர்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

இப்படியாக எனக்கு மேப் அத்துப்படி ஆகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதில் ‘வீடு’ என்று ஓர் இடம் கண்டேன். கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று ரேஷன் கார்டில் உள்ளது உள்ளபடி தட்டி வைத்தேன். அதற்கப்புறம் லொகேஷன் அனுப்பு என்று அழுத்தினால் அந்த வீடுதானே போகும்? போனுக்கு என்னைத் தெரியும், என் வீட்டைத் தெரியும் என்று உறுதியாக நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து செய்தி வந்திருந்தது. “வணக்கம். லொகேஷன் அனுப்பவும்.” அவ்வளவுதான். பெயருக்குப் பக்கத்து வட்டத்தில் மனிதர் முகம் இல்லை. புதிதாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று பளபளத்தது. தன் முகத்தை வைக்கக் கூச்சப்பட்டுத் தான் செய்த வேலையை வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். என் வட்டத்திலும் தையல் மெஷின்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? பிடித்துவிட்டது.

“அனுப்பியுள்ளேன்” என்று எழுதினேன். விறைப்பாக இருந்தது. “அனுப்பிருக்கேனுங்க” என்று மாற்றினேன். குழைவதாகத் தோன்றியது. கடைசியில் ஒன்றும் எழுதாமல், பாறைமேல் நின்றபடி லொகேஷனை மட்டும் அனுப்பினேன்.

போன் தான் நிற்கிற இடத்தைத்தான் அனுப்பும் என்பது எனக்குத் தெரியாது. அது டவர் பாறையை அனுப்பியது. பாறைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒற்றையடிப் பாதையில் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் வண்டியில் வருகிறவர்களுக்கு இரண்டும் வேறு வேறு ரோடு. பாறைக்கு அந்தப் பக்கமாக எஸ்டேட் ஜீப் ரோடு ஒன்று வந்து முடிகிறது. அந்த ரோட்டில் மாப்பிள்ளை வீட்டார் யாரும் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டுப்புடவை கட்டும் முன் பாறைக்கு ஓடினேன். அவரிடமிருந்து லைவ் லொகேஷன் வந்திருந்தது. செம்புக் கம்பிச் சுருள் வாழப்பாடியிலிருந்து புறப்பட்டு மேப்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. வீட்டில் நான் அதைப் பார்த்துக் கதவருகே தயாராக நிற்பதற்காக அனுப்பியிருக்கிறார். பாவம், எங்கள் வீட்டில் அது தெரியாது என்று அவருக்கு யார் சொல்வது! எங்கள் ஊரில் ஒருவர் பலகாரம் கொடுத்தனுப்பினால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ரெண்டு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் நானும் என்னுடைய லைவ் லொகேஷனை அவருக்கு அனுப்பினேன். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டது. ஒரு மணி நேரம் என்று ஒன்று, நிறுத்தும் வரை என்று ஒன்று. ஒரு மணி நேரம் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. நிறுத்தும் வரை என்பதை அழுத்திவிட்டுக் கீழே ஓடினேன்.

பட்டுப்புடவை கட்டினேன். பூ வைத்தேன். அண்ணன் ரோட்டில் போய் நின்றார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. போனைக் கொடுத்து அண்ணியைப் பாறைக்கு அனுப்பினேன். அவர் மூச்சு வாங்க வந்து, “செவப்பா ஒண்ணு நவுந்துக்கிட்டேதான் இருக்குது கண்ணு. கெழக்கயா மேக்கயான்னுதான் தெரியல” என்றார். இதற்கு மேல் பொறுக்க முடியுமா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். சுருள் குப்பனூரைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. இறங்கிவந்தேன். கேசரி கிளறினேன். மறுபடி ஏறினேன். மறுபடி இறங்கினேன். காப்பிச் செடிகள் புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்தன. நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்தது. கல்யாணப் பெண் அடக்கமாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அண்ணி பின்னாலிருந்து கத்தியது கேட்டது.

கடைசியாக ஏறியபோது சுருள் எங்கள் ஊர் ரோட்டை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட் ரோடு! மறுபடியும் கேட், மறுபடியும் நாய், மறுபடியும் தடங்கல். “ஐயோ, அப்படிப் போகாதீங்க, திரும்புங்க” என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் பாறையில் ஊரே நின்று வெளியூர்ப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவசரமாகப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். சுருள் திரும்பவில்லை. நேராக என் நீலப் புள்ளியை நோக்கி வந்தது. எஸ்டேட் கேட் அன்று திறந்தே கிடந்திருக்கிறது. பாறைக்குக் கீழே ஒரு வேன் வந்து நின்றது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. கையில் போன். அவருக்குப் பின்னால் பழத்தட்டோடு அவர் தங்கை. “நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்று அந்த ‘ங்க’ போடாதவள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள்.

தங்கை சுற்றிலும் பார்த்தார். வீடு இல்லை, வாசல் இல்லை. பாறையும், அதன் மேல் போனோடு நிற்கும் ஓர் ஊரும்தான் இருந்தன. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்கண்ணா, ஊட்டுக்கு வரச் சொல்லிட்டுக் காட்டுக்கு வர வெச்சுட்டாங்க. இது தடங்கலுங்கண்ணா. திரும்பிரலாம்” என்றார்.

திரும்பிரலாம். அந்த வார்த்தையை நான் முதல்முறையாக நேரில் கேட்டேன். கரைந்த பொட்டும், செருகிய புடவையும், ஒட்டிய காப்பி இலையுமாகப் பாறை உச்சியில் நின்றேன். அவர் போனைப் பார்த்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“பொண்ணு எங்க இருக்குதுன்னு பாக்கத்தானே வந்தோம்? பொண்ணு இங்கதான் இருக்குது. லொகேஷன் செரியாத்தான இருக்குது” என்றார்.

அப்படித்தான் என்னைப் பாறையில் பெண் பார்த்தார்கள். விஷயம் கேள்விப்பட்ட அண்ணி, தூக்குப்போசியில் போண்டாவும் பிளாஸ்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு ஏறிவந்தார். அண்ணன் ரோட்டிலிருந்து ஓடிவந்து சேர்ந்தார். ஆட்டுக்காரர் தன் துண்டை விரித்து மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்தார். போண்டா ஊருக்கே போனது. போனில் இருந்த பிள்ளைகளெல்லாம் அந்தந்த ஊரிலிருந்தே விசாரித்தார்கள். “ஆமாங்கண்ணு, இங்கதான் பொண்ணு பாக்கறாங்க. மாப்பிள்ள நல்லாத்தான் இருக்கறாரு” என்று யாரோ ஒருவர் தன் மகனுக்குச் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது. ஆனால் அவரும் சிரித்துவிட்டார்.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வாருங்கள் என்று அண்ணன் கூப்பிட்டதற்கு, “நல்ல நேரம் முடிஞ்சு போச்சுங்க. பூக் கேட்டுட்டுச் சொல்லியனுப்பறோமுங்க” என்று எழுந்தார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு நிறத்தை மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நினைத்த பூ வந்தால் சம்பந்தம் பேசலாம். வராவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. என் கல்யாணம் இப்போது ஒரு பொட்டலத்துக்குள் போய்விட்டது.

பதில் வரும்வரை பெண் வீட்டார் போன் செய்யக் கூடாது. செய்யவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் பாறைக்குப் போய் மேப்பைத் திறந்தேன். அதில் செம்புக் கம்பிச் சுருள் அப்படியே இருந்தது! வாழப்பாடியில், ஒரு தெருவில், அசையாமல். நிறுத்த மறந்துவிட்டார். சொல்லலாமா என்று யோசித்து, போன் செய்யக் கூடாது என்ற வழக்கத்தை அன்று மட்டும் மனதார மெச்சினேன். நான் அனுப்பியதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

அதற்கப்புறம் சாயங்காலமானால் எனக்குக் கால் நிற்காது. மெஷினை மூடிவைத்துவிட்டு ஓடுவேன். நான் ஒருமுறைகூடப் போகாத வாழப்பாடியின் தெருக்கள் எனக்கு மனப்பாடமாயின. சுருள் கடையில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும். டீ குடிக்கிறார் என்று சொல்வேன். தோட்டங்களுக்குள் போய் ரொம்ப நேரம் நிற்கும். யாருடைய மோட்டாரையோ மேலே தூக்குகிறார்கள். “இன்னிக்கு நொம்ப அலைச்சல் அண்ணி அவருக்கு” என்று வீட்டில் வந்து சொல்வேன். “தாலி கட்டறதுக்கு முன்னாலயே இந்தக் கவலையா!” என்று அண்ணி தோளில் இடிப்பார். நான் இடி வாங்கிக்கொண்டு, ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கை வெட்டிவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சுருள் கடையை விட்டுக் கிளம்பி ஊருக்கு வெளியே ஒரு கோயிலில் போய் நின்றது. பூக் கேட்கிறார்கள். நானும் அண்ணியும் பாறைமேல் போனை வைத்து, அதற்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டோம். கண்ணைத் திறந்தால் சுருள் அங்கேயே இருந்தது. மறுபடி கும்பிட்டோம். வெகுநேரம் கழித்து அது கடைக்குத் திரும்பியது. அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அண்ணி என் முகத்தைப் பார்க்காமல், “பூ வரல போலிருக்குது கண்ணு” என்றார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை பிடித்தால் விடாது. பாறை வழுக்கும் என்று அண்ணன் போக விடவில்லை. நானும் போக ஆசைப்படவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணியது. வராத பதிலுக்கு அர்த்தம் தெரிந்த பிறகும் அவர் எங்கே டீ குடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு எனக்கு என்ன உரிமை? என் மேலேயே எரிச்சலாக வந்தது. மழை கொஞ்சம் அடங்கிய ஒரு மத்தியானம், அந்தச் சுருளை மேப்பிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, பழைய நைட்டியோடு ஏறினேன்.

பாறையில் ஆளில்லை. மேப்பைத் திறந்து, எடுத்துவிடுகிற வழியைத் தேடினேன். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ‘உங்கள் இருப்பிடம் இவருக்குத் தெரிகிறது.’

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் நான் சாயங்காலம் தவறாமல் பாறைக்கு ஓடிவந்து நின்றதை அவர் அங்கிருந்து பார்த்திருக்கிறார்! ஒளிந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறேன். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வாழப்பாடியைப் பார்த்தேன். சுருள் அங்கே இல்லை. விரலைக் குவித்துத் தேடினேன். எங்கும் இல்லை. அப்புறம் பார்த்தால், அது என் நீலப் புள்ளியின் மேலேயே இருந்தது.

“ராத்திரி பகல்னு இல்லாம இந்தப் பாறையிலயே இருக்கறீங்களேங்க” என்று பின்னால் குரல் கேட்டது.

அவர்தான். முழங்கால் வரை சேறு. ஒரு கையில் விரித்த குடை, இன்னொரு கையில் சுருட்டி வைத்த புதுக்குடை. நான் கோணிப்பையைத் தலையிலிருந்து எடுப்பதா, இஞ்ச் டேப்பை மறைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எப்பப் பாத்தாலும் உங்க தையல் மெஷினு இங்கயே நிக்குதுங்க. அந்தப் பொண்ணு பாறையிலயே குடியிருக்குதான்னு தங்கச்சி கேக்குது. தெனமும் சாயங்காலம் வந்து யாருகிட்டயுங்க பேசறீங்க?”

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அதில் அவருடைய சுருள்தான் இருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார். காது மடல் மறுபடியும் சிவந்தது.

“பூவு?” என்று கேட்டேன். கேட்டே ஆக வேண்டியிருந்தது.

“ரெண்டு தடவ கேட்டோமுங்க. நெனச்ச பூவு வரலீங்க.”

“அப்பறம்?”

“மூணாந்தடவ கேக்க வேண்டாம்னு நானே வந்துட்டேனுங்க.”

ஏதாவது பேச வேண்டுமே என்று, “நான் ராத்திரியெல்லாம் இங்க இல்லீங்க. ஊட்டுல சிக்னல் கெடையாதுங்க. அதனால போனு கடைசியா இருந்த எடத்தையே காட்டுதுங்க” என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“தெரியுமுங்க” என்றார். புதுக்குடையை விரித்து என்னிடம் நீட்டினார். “நல்லாத் தெரியுமுங்க. ஆனாலும் இங்க மழைன்னு டி.வி.யில சொன்னாங்க. மேப்புல பாத்தா நீங்க பாறை மேலயே நிக்கறீங்க. மனசு கேக்கலீங்க.”

நான் அழுதுவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் அழுதேன். கோணிப்பையை எடுத்துவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டேன்.

“உங்க ஊடு எங்கீங்க?” என்றார். “நீங்க குடுத்த அட்ரஸ் எனக்கு இது ஒண்ணுதானுங்க.”

நான் முன்னால் இறங்க, அவர் பின்னால் வந்தார். முதல் வளைவிலேயே இருவர் போனிலும் சிக்னல் போய்விட்டது. அண்ணி எங்களைப் பார்த்ததும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தார்.

அன்று மழை வலுத்து, அவரை அண்ணன் இரவு தங்க வைத்துக்கொண்டார். கிளம்பும்போது தங்கைக்கும் லைவ் லொகேஷன் அனுப்பிவிட்டு வந்திருக்கிறார். வாழப்பாடியில் அந்தத் தங்கை அண்ணனைக் காணோம் என்று மேப்பைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார். எப்போது பார்த்தாலும் செம்புக் கம்பிச் சுருள் கொட்டுகிற மழையில் டவர் பாறையின் மேலேயே நின்றிருக்கிறது. விடியற்காலையிலும் அங்கேயே. “அண்ணனும் பாறைக்கே குடி போயிட்டாரு. இனி என்னத்தப் பூக் கேக்கறது” என்று அவரே போய் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துவிட்டு வந்தாராம்.